அறைக்குச் சொன்ன வார்த்தை

ஆவுடையப்பன் ஜெர்மனியிலிருந்து திரும்பி வந்த மூன்றாம் நாள் காலையில், அங்கே அவர் ஆறு நாள் தங்கியிருந்த ஓட்டல் அறையும் பின்னாலேயே அம்பாசமுத்திரம் வந்து சேர்ந்தது. கட்டில், மெத்தை, சுவரில் மாட்டிய மூன்று கூழாங்கற்களின் படம், திறக்க முடியாத ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே இருக்கிற கார் நிறுத்துமிடம், அதற்கும் அப்பால் இருக்கிற பஸ் ஸ்டாப் உட்பட, சாம்பல் நிறக் கதவும் கதவில் 312 என்ற எண்ணுமாக, அவர் வீட்டுக் கூடத்துக்கு வலப்பக்கம் படுக்கையறை எங்கே இருந்ததோ அங்கே அது வந்து உட்கார்ந்துகொண்டது. பல் தேய்த்துக்கொண்டே அந்தப் பக்கம் வந்தவர் கதவைப் பார்த்தார், முற்றத்துக்குப் போய் வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்ப வந்து பார்த்தார், அப்போதும் அது அங்கேயேதான் இருந்தது. இது எப்படி வந்தது என்று கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை. உள்ளே இருந்த வடிவின் பீரோ என்ன ஆயிற்று என்பதுதான் அவருக்கு வந்த முதல் கவலை.

வடிவு அவருடைய மனைவி. அந்தப் படுக்கையறையில்தான் நாற்பது நாள் படுத்துக் கிடந்து, இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதத்தில் இறந்துபோனாள். அவள் போன நாளிலிருந்து ஆவுடையப்பன் கூடத்தில்தான் படுக்கிறார். ஆனாலும் தினம் ஒரு தடவை அந்த அறைக்குள் போய், பீரோவைத் திறந்து, அவள் புடவைகளின் வாசம் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுவார். இனிமேல் அதுவும் இல்லை என்று ஆகிவிட்டது.

ஆவுடையப்பன் எப்பேர்ப்பட்ட ஆள் என்று சொல்லிவிட வேண்டும். மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து போர்மேனாக ஓய்வு பெற்றவர். புயல் அடித்துக் கம்பம் சாய்ந்து கிடந்தாலும் "நாலரைக்கு வந்துரும்" என்று அவர் சொல்லிவிட்டால் நாலரைக்குத் தெருவில் விளக்கு எரியும். கல்யாண வீட்டுக்காரர்கள் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்கள். சொன்ன சொல்லைத் தவறவிடாத மனிதர் என்று ஊர் முழுக்கப் பெயர், அந்தப் பெயர் அவருக்கு நன்றாகத் தலைக்கு ஏறியிருந்தது என்பதும் ஊர் முழுக்கத் தெரிந்ததுதான்.

அதனால்தான் அவ்வளவு வினையும். வடிவு இறந்த அன்று ஜெர்மனியிலிருந்து மகள் காந்திமதி போனில் அழுதாள். "அம்மாவ எடுத்துராதீங்கப்பா, நான் வாரேன், வந்துருதேன்" என்றாள். எட்டு மாதம் தாண்டிய வயிற்றோடு அவள் விமான நிலையம் வரைக்கும் வந்திருக்கிறாள். டாக்டர் சீட்டு சரியில்லை என்று அங்கேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இங்கே ஐஸ் பெட்டிக்குள் ஒன்றரை நாள் வடிவைக் கிடத்திவிட்டு, வருகிறவர் போகிறவரெல்லாம் "மக எப்ப வாரா" என்று கேட்கக் கேட்க, "வாரேன்னு சொல்லியிருக்கா, வந்துருவா" என்று ஆவுடையப்பன் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவள் வரவில்லை. சுடுகாட்டில் காடாற்றிவிட்டு வந்த கையோடு அவர் போனை எடுத்து, தெரு முழுக்கக் கேட்க, "வாரேன்னு சொன்னா வரணும், வர முடியாட்டா சொல்லப்படாது. இனிமே உன் வீட்டு நடைய மிதிக்க மாட்டேன், உன் கையால ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். மூன்று வாரம் கழித்து அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது, வடிவு என்றே பெயர் வைத்தார்கள்.

பேத்தியைப் பார்க்க ஆசை இருந்தது. சொன்ன சொல் குறுக்கே நின்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்து புழுங்கி, கடைசியில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். மகள் இருக்கிற ஊருக்குப் போவது, மகள் வீட்டுக்குப் போகாமல் ஓட்டலில் தங்குவது. பெற்ற மகள் அதே ஊரில் வீடும் வாசலுமாக இருக்கும்போது எந்தத் தகப்பனாவது ஓட்டலில் தங்குவானா என்று பக்கத்து வீட்டுச் சொர்ணம் முகத்துக்கு நேரே கேட்டாள். அவளுடைய பதில் பேச்சுக்குப் பயந்து பட்டப்பகலில் அவள் வீட்டுப் பக்கம் போவதையே ஒரு வாரம் நிறுத்தியிருந்தார்.

அந்த ஓட்டலுக்கு எண்ணூறு ஊர்களில் கிளை உண்டு. எந்த ஊர்க் கிளைக்குப் போனாலும் அதே கட்டில், அதே திரைச்சீலை, அதே மூன்று கூழாங்கல். கம்ப்யூட்டர் படத்தில் ஜன்னலுக்கு வெளியே ஆறு ஓடியது, நேரில் பார்த்தால் கார்கள் நின்றன. ஜன்னல் நாலு விரற்கடைக்கு மேல் திறக்காது, குளியலறையில் வாளியும் கிடையாது கப்பும் கிடையாது, டீ கேட்டால் வெந்நீரும் ஒரு பொட்டலமும் பச்சைப் பாலும் தந்தார்கள், காலையில் வைத்த ரொட்டி கூரை ஓட்டுக்குப் பதிலாகப் போடலாம் போல இருந்தது, எந்த மாடியில் இறங்கினாலும் ஒரே மாதிரி நடையும் ஒரே மாதிரி கதவுமாக இருந்ததால் அவர் இரண்டு தடவை யாரோ ஒருவருடைய அறைக் கதவோடு மல்லுக்கட்டிவிட்டு மன்னிப்புக் கேட்டார். கதவு திறக்கிற அட்டையில் "எங்கு சென்றாலும் உங்கள் வீடு" என்று அவர்கள் பாஷையில் அச்சடித்திருப்பதாக மகள் படித்துச் சொன்னாள். "வீட்டுல வந்தவனை வாங்கன்னு கேப்பாங்க, இங்க ஒரு பய கேக்கல" என்றார் அவர்.

காந்திமதி ஆறு நாளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட்டல் வரவேற்புக் கூடத்துக்கு வந்தாள். வடிவு சீராகக் கொடுத்த பித்தளைத் தூக்குச்சட்டியில் ஆறு நாளும் சாப்பாடு கொண்டுவந்தாள். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று எழுதிய பலகையை வரவேற்புப் பெண் சுட்டிக்காட்ட, அவளிடம் கெஞ்சி அனுமதி வாங்கிவிட்டு அப்பாவிடம் வந்து கெஞ்சினாள். "எனக்கு இங்க காலைலயே சாப்பாடு உண்டு" என்று அவர் சொன்னார். கடைசி நாள் சொதி வைத்துக் கொண்டுவந்தாள். தேங்காய்ப்பால் வாசமும் இஞ்சி வாசமும் மூடியைத் தாண்டி வந்து அந்த ஓட்டலையே ஒரு நிமிஷம் வீடாக்கியது. வடிவின் கைப்பக்குவம் அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது என்று அவருக்கு மூக்கிலேயே தெரிந்தது. அவர் பேத்தியின் கையைப் பிடித்து எண்ணிக்கொண்டிருப்பது போல அதன் விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கிளம்புகிற அன்று காலை ஓட்டல்காரர்கள் கொடுத்த தாளில் மறுபடியும் எங்களிடம் வருவீர்களா என்ற கேள்விக்கு, எது எந்தக் கட்டம் என்று மகள் சொல்லிக் கொடுத்தபடி, இல்லை என்ற கட்டத்தில் தாள் கிழிகிற மாதிரி கோடு போட்டார். பெட்டியை வெளியே வைத்தார். மூக்குக் கண்ணாடியை விட்டுவிட்டோமா என்று உள்ளே ஒரு பார்வை பார்த்தார், கதவை இழுத்துச் சாத்தினார், சாத்தும்போது, எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் வாயில் தானாக வருகிறபடி, "போயிட்டு வாரேன்" என்றார். லிப்டுக்குள் போனபிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டார்.

கீழே காந்திமதி குழந்தையோடு நின்றிருந்தாள். அவர் சொல்லவேண்டியதைச் சொன்னதும் தான் சொல்லவேண்டிய "போயிட்டு வாங்கப்பா" அவள் உதட்டில் தயாராக இருந்தது. நம் பக்கத்தில் தீப்பெட்டி வாங்கக் கடைக்குப் போகிறவன்கூடப் போயிட்டு வாரேன் என்றுதான் சொல்வான், வெறுமனே போறேன் என்பது திரும்பாத போக்குக்கு உள்ள சொல், சின்னப் பிள்ளை தெரியாமல் சொன்னால்கூட வாயில் ஒன்று போட்டுத் திருத்துவார்கள். ஆவுடையப்பனுக்கும் அந்தச் சொல்தான் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, ஐஸ் பெட்டியை நினைத்துக்கொண்டு, வேண்டுமென்றே, "சரி, போறேன்" என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் காரில் ஏறினார்.

இதையெல்லாம் அவர் ஒரே மூச்சில் யாரிடமும் சொல்லவில்லை. சொர்ணம்தான் பிடுங்கினாள். புதுக் கதவைப் பார்க்கத் தெருவே வந்து நின்றபோது அவள் முன்னால் வந்து, "வரும்போது இதுகிட்ட என்ன சொல்லிட்டு வந்தீய அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"என்ன சொல்லுவாங்க. போயிட்டு வாரேன்னு சொன்னேன்."

"அப்ப சரிதான். நீங்க போவீயன்னு அது பாத்திருக்கும். போகல, அதுவே வந்துட்டு" என்றாள். பிறகு குரலை இறக்கி, "காந்திகிட்ட என்ன சொன்னீய?" என்றாள்.

அவர் கதவின் பூட்டைத் தடவிப் பார்த்தார். பதில் என்னவென்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

கதவுக்குச் சாவி கிடையாது, அட்டை வேண்டும், அந்த அட்டையை அவர் ஜெர்மனியிலேயே திருப்பிக் கொடுத்திருந்தார். ஏடிஎம் அட்டையை வைத்துப் பார்த்தார், ஆதார் அட்டை, ஓய்வூதிய அட்டை, நூலக அட்டை எல்லாம் வைத்துப் பார்த்தார், பூட்டில் சிவப்பு விளக்குதான் எரிந்தது. கடைசியில் ரேஷன் அட்டையை வைத்ததும் பச்சை விளக்கு எரிந்து கதவு திறந்தது. அந்த அட்டையில் குடும்பத் தலைவியாக வடிவின் படம் இருந்தது, உறுப்பினர்களாக அவர் பெயரும் காந்திமதியின் பெயரும் இருந்தன. இறந்தவர் பெயரையும் போனவர் பெயரையும் நீக்கச் சொல்லித் தாலுகா ஆபீசில் எத்தனையோ தடவை சொல்லியும் ஆவுடையப்பன் அதைச் செய்யாமல் விட்டிருந்தார்.

சோமவாரம் தோறும் தெருவுக்கு வருகிற ஓதுவார் வந்து பார்த்துவிட்டு, "வாரேன்னு சொன்னதுக்குத்தான் வந்திருக்கு. உள்ள போய் நின்னு போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிரும், போயிரும்" என்று வழி சொன்னார். நல்ல யோசனைதான். ஆவுடையப்பன் குளித்து, வேட்டி மாற்றி, வடிவின் பீரோவை மீட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடு அறைக்குள் போனார். இங்கே மணி பகல் பன்னிரண்டு, ஜன்னலுக்கு வெளியே அப்போதுதான் விடிந்தும் விடியாமலும் மழை தூறிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாப்பில் நீலக் கோட்டுப் போட்டு ஒரு பெண் இறங்கினாள், அடுத்த பஸ்ஸுக்காக ஒதுங்கி நின்றாள், நின்றவள் தலையை உயர்த்தி மூன்றாவது மாடியில் இந்த ஜன்னலைப் பார்த்தாள். காந்திமதிதான். ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவள் அங்கேதான் பஸ் மாறுவாள் என்பது அவருக்கு நினைவு வந்தது. ஆறு நிமிஷத்தில் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். ஆவுடையப்பன் வெளியே வந்து கதவைச் சாத்தினார். சொல்லவேண்டிய வார்த்தையைச் சொல்லவில்லை.

பிறகு அந்தத் தெரு எப்படி அந்த அறையைத் தன் அறையாக ஆக்கிக்கொண்டது என்பதைச் சொன்னால் பொழுது போய்விடும். குழாயில் எந்நேரமும் வெந்நீர் வந்ததால் பிள்ளை பெற்ற வீட்டுக்காரர்கள் குடம் எடுத்து வந்தார்கள். வாளியும் கப்பும் கொண்டுபோய் வைத்து அந்த ஓட்டலின் ஒரு குறையையாவது தீர்த்துவைத்தார்கள். தினமும் யாரோ வந்து படுக்கையை மடித்து, சின்னச் சோப்பு மாற்றி வைத்துவிட்டுப் போனார்கள், ஆளைத்தான் ஒரு நாளும் கண்ணில் காண முடியவில்லை. சில நாள் அங்கே வேற்றூர்க்காரர்களின் பெட்டியும் செருப்பும் கிடக்கும், படுக்கை கலைந்திருக்கும், ஆள் இருக்க மாட்டார்கள். "அது விருந்தாளி சாமான், யாரும் தொடப்படாது" என்று சொர்ணம் சட்டம் போட்டாள். சும்மா போகிறார்களே என்று மேஜையில் ஒரு தட்டில் நாலு முறுக்கு வைத்தாள், மறுநாள் தட்டு காலியாக இருந்தது, பக்கத்தில் புரியாத பாஷையில் எழுதிய சீட்டு ஒன்று இருந்தது. அதிலிருந்து முறுக்கு வைப்பது வழக்கமாயிற்று. வந்தவனை வாங்க என்று கேட்காத ஓட்டலில் ஓர் அறையில் மட்டும் அப்படி ஒரு கவனிப்பு நடந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிது பகல் பன்னிரண்டு மணி. பதினொன்றே முக்காலுக்கே பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஜன்னலோரம் கூடிவிடுவார்கள். இன்றைக்குக் கோட்டு எது, முகம் வாடியிருக்கிறதா, குழந்தையைக் கொண்டுவந்திருக்கிறாளா என்று பேசிக்கொள்வார்கள். கையைக் கையை ஆட்டுவார்கள். அந்த இருட்டிலும் மழையிலும் அவளுக்கு எதுவும் தெரியாது. அவள் பார்ப்பது பழக்கத்துக்குப் பார்ப்பது, அப்பா இருந்துவிட்டுப் போன ஜன்னல் என்று பார்ப்பது. ஆவுடையப்பன் எல்லாருக்கும் பின்னால், கட்டில் விளிம்பில் உட்கார்ந்தபடி பார்ப்பார்.

"ஒரு போன் போட்டா என்ன அண்ணாச்சி. பாத்துக்கிட்டே இருந்தாப் போதுமா?" என்று சொர்ணம் கேட்டாள்.

"அதான் தெனமும் பாக்கேனே" என்றார் அவர்.

இந்த ஒரு பதிலுக்காகப் பின்னால் அவர் பட்ட வேதனை கொஞ்சநஞ்சமில்லை. பார்ப்பது அவருக்குப் போதும் என்று ஆகிவிட்டது. அவர் அவளைப் பார்த்தார், அவள் ஒரு சாத்திய ஜன்னலைப் பார்த்தாள், இதற்குப் பெயர் பார்த்துக்கொள்வது ஆகாது என்று அறுபத்தாறு வயதான மனிதருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்தேதான் ஐப்பசியை ஓட்டினார், கார்த்திகையும் பாதி ஓடியது.

அந்த வருஷம் அடைமழை. ஒரு வாரமாக வெயில் முகமே காட்டவில்லை, சொர்ணம் அவசரப்பட்டுக் கூழ் கிண்டிவிட்டாள், பிழிந்த வத்தல் ஈரத்தில் புளிக்கப் பார்த்தது. அறை ஜன்னலுக்குக் கீழே சூடு தருகிற இரும்புக் குழாய்கள் இருந்தன, அவற்றின் மேல் நீளமாக ஒரு பலகைத் திட்டு. அவள் வெள்ளை வேட்டி ஒன்றை அதன் மேல் விரித்து, ஜன்னல் கண்ணாடியை ஒட்டி வரிசை வரிசையாக வத்தலைக் காயப் போட்டுவிட்டு, நன்றாகத் தெரியட்டும் என்று விளக்கையும் போட்டுவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்குக் காந்திமதி பஸ்ஸிலிருந்து இறங்கினாள், வழக்கம்போல நிமிர்ந்து பார்த்தாள், பார்த்தவள் தலையைத் தாழ்த்தவில்லை. ஒரு பஸ் வந்து போயிற்று. அவள் ஏறவில்லை. இரண்டடி முன்னால் வந்து கார் நிறுத்துமிடத்தின் விளிம்பில் நின்று, கையால் மழையை மறைத்துக்கொண்டு பார்த்தாள். ஜெர்மனியில் ஓட்டல் ஜன்னலில் கூழ் வத்தல் காயப்போடுகிறவர் யாராக இருக்க முடியும் என்று அவளுக்குத் தெரியாதா. "பாத்துட்டா, பாத்துட்டா, அண்ணாச்சி முன்னால வாங்க" என்று பெண்கள் விலகி வழி விட்டார்கள். இத்தனை நாளாக எதற்காக உட்கார்ந்திருந்தாரோ அது வந்து நின்றது. ஆவுடையப்பன் எழுந்து ஜன்னலருகே போனார், அவள் கண் நேராக அவர் பக்கம் திரும்பிய அந்த நொடியில், என்ன முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது என்று தெரியாமல், திரைச்சீலைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். சொர்ணம் அவரைப் பார்த்த பார்வையை அவர் சாகும்வரை மறக்க மாட்டார்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குப் பஸ் ஸ்டாப்பில் காந்திமதி இல்லை. பன்னிரண்டு இருபதுக்கும் இல்லை. நேற்று ஒதுங்கியதற்கு இதுதான் கூலி என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ரேஷன் கடையில் அந்த மாதச் சர்க்கரைக்குக் கடைசி நாள் என்று தெருவில் சொல்லிக்கொண்டு போனார்கள். மனதுக்குள் கிடந்து குமைவதற்கு வரிசையில் போய் நிற்கலாம் என்று, கதவைச் சாத்திவிட்டு, அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அத்தனை நாளில் அந்த அட்டை அந்த நேரத்தில் வீட்டை விட்டு வெளியே போனது அன்று ஒரு நாள்தான்.

கடையில் கட்டைவிரலை இயந்திரத்தில் வைத்தால் ரேகை விழவில்லை. முப்பத்தைந்து வருஷம் கம்பியைப் பிடித்த கைக்கு ரேகை எங்கே இருக்கும். துடைத்து வைத்தார், ஈரப்படுத்தி வைத்தார், இடது கையை வைத்தார். ஐந்தாவது தடவை வைக்கும்போது சொர்ணம் சேலைத் தலைப்பைத் தூக்கிச் செருகிக்கொண்டு மழையில் ஓடி வந்தாள்.

"அண்ணாச்சி, ரூமுக்குள்ள தூக்குச்சட்டி மூடி விழுந்த சத்தம் கேட்டுது. பித்தளைச் சத்தம். நான் தட்டுதேன், தொறக்க மாட்டேங்கு. அட்டை உங்க கையிலல்லா இருக்கு."

"அட்டையக் குடுங்க தம்பி" என்றார் ஆவுடையப்பன்.

"ரேகை விழட்டும் சார், பாதில எடுத்தா சிஸ்டம் நின்னுரும்" என்றார் கடைக்காரர்.

"நிக்கட்டும்" என்று சொல்லி அவரே எட்டி அட்டையைப் பிடுங்கிக்கொண்டு, குடையை அங்கேயே விட்டுவிட்டு, செருப்பு அறுந்ததைக்கூடப் பார்க்காமல் தெரு நெடுக ஓடினார். அவசரத்தில் அட்டையைத் தலைகீழாக இரண்டு தடவை வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது.

அறையில் யாரும் இல்லை. கட்டிலின் விளிம்பில், தினமும் அவர் உட்காருகிற அதே இடத்தில், மெத்தை அமுங்கியிருந்தது. மேஜையில் முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் பித்தளைத் தூக்குச்சட்டி இருந்தது, தொட்டுப் பார்த்தார், சூடு இருந்தது. தட்டில் ஒரு முறுக்கு பாதி கடித்தபடி, சின்னப் பல் தடத்தோடு இருந்தது. ஓட்டல் தாளில் காந்திமதியின் கையெழுத்து.

"எப்பா, அப்பா சாமான் ஒண்ணு இங்க விட்டுப்போச்சின்னு சொல்லி ரிசப்ஷன்ல கால் மணி நேரம் வாங்கினேன். அம்மாவுக்கு வாரேன்னு சொல்லிட்டு வர முடியாமப் போச்சி. உங்களுக்காவது வந்துட்டேன். நீங்கதான் இல்ல. வடிவு உங்க கட்டில்ல உக்காந்து முறுக்கு தின்னா. எட்டே முக்காலுக்கு பஸ்."

ஜன்னலுக்கு ஓடினார். இங்கே மணி ஒன்றேகால் தாண்டியிருந்தது, அங்கே எட்டே முக்கால் ஆகிவிட்டது, பஸ் ஸ்டாப் காலியாக இருந்தது. அப்போது அவர் உள்ளே இருந்திருந்தால் ஆளை ஆள் பார்த்திருக்க முடியுமா, அல்லது ஒரே கட்டிலில் ஒருவர் மேல் ஒருவர் தெரியாமல் உட்கார்ந்திருப்பார்களா, அது யாருக்கும் தெரியாது. இருந்திருக்கலாம் என்பது மட்டும் தெரியும்.

அவர் தரையில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தார். சொதி. கூட வைத்திருந்த சோற்றில் ஊற்றிப் பிசைந்து, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்ற சொல்லோடு சேர்த்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். சொர்ணம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், அழுதுகொண்டே சாப்பிடுகிற மனிதரை நிறுத்தக் கூடாது என்று உள்ளே வரவில்லை. அவர் முடித்ததும் தூக்குச்சட்டியை வாங்கிக் கழுவித் துடைத்து, சாப்பாடு வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாதென்று, காய்ந்த வத்தலை அள்ளி வாய்வரை நிரப்பினாள்.

"மேசையிலயே வச்சிருவமா? அவ கையில எப்படியும் கெடைச்சிரும்" என்றாள்.

"வேண்டாம்" என்றார் ஆவுடையப்பன். "நானே கொண்டு போய் அவ வீட்டுல குடுக்கேன்."

சொர்ணம் தலையை ஆட்டிவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டாள். அவர் ஒரு கையில் தூக்குச்சட்டியோடு போனைப் போட்டார். ஒரு மணி அடிப்பதற்குள் எடுத்தாள்.

"எப்பா."

"சொதியில உப்பு ஒரு கல்லு கூட" என்றார்.

 அந்தப் பக்கம் பஸ்ஸின் சத்தம் கேட்டது. "எங்கப்பா இருக்கீய? அந்த ரூம்லயா? நான் எறங்கி வாரேன், அங்கயே இருங்க, வச்சிராதீங்க" என்றாள். போனில் அவள் மூச்சு வாங்குவதும் குழந்தை வண்டிச் சக்கரம் கல்லில் உருளுவதும் கேட்டது, பத்து நிமிஷத்தில் ஜன்னலுக்கு வெளியே, அந்த ஊர்த் தெரு முனையில், நீலக் கோட்டு தெரிந்தது. இந்தத் தடவை அவர் ஒதுங்கவில்லை. திரைச்சீலையை முழுக்க விலக்கி, கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றார்.

"நிக்கேன்ப்பா. மேல பாக்கேன். லைட்டு எரியது தெரியுது. வத்தல யாரு போட்டது?"

"நம்ம சொர்ணந்தான்."

"வேற என்னப்பா?"

வேறு எவ்வளவோ இருந்தது. ஐஸ் பெட்டியைப் பற்றிச் சொல்லவேண்டியது இருந்தது, தப்பு என்னுடையது என்று சொல்லவேண்டியது இருந்தது. ஆவுடையப்பன், இரண்டு மாதத்துக்கு முன் லிப்டிலிருந்து இறங்கியதும் சொல்லியிருக்க வேண்டியதை முதலில் சொன்னார்.

"போயிட்டு வாரேன் தாயி."

கீழே அவள் அப்படியே நின்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டு, முகத்தை முழுசாக நிமிர்த்தி, "போயிட்டு வாங்கப்பா" என்றாள்.

அவள் முகம் எப்படி இருந்தது என்று அவர் பார்க்கப் போனார், அவர் கண்ணுக்கு முன்னால் முருங்கை மரம் நின்றது. மழையில் நனைந்த துவைகல்லும், கொடியில் மறந்துபோன ஒரு துண்டும், அவர் வீட்டுக் கொல்லைப்புறம். போய்ச் சேரவேண்டிய இடத்துக்குச் சொல் போய்ச் சேர்ந்துவிட்டது, இனி அந்த அறைக்கு இங்கே ஒரு பாத்தியதையும் இல்லை. முதுகுக்குப் பின்னால் வடிவின் பீரோ இருந்தது, அவள் படுத்த கட்டில் இருந்தது, ஆடி மாதத்தோடு நின்றுபோன காலண்டர் இருந்தது. புடவை வாசம்கூட இருந்தது. இத்தனை நாள் ஏங்கிய அந்த அறையை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முருங்கை மரத்துக்குள் எங்காவது ஒரு நீலம் தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்.

போன் மட்டும் அறுந்துபோகாமல் இருந்தது.

"எப்பா, அங்க லைட்டு அணைஞ்சிட்டு" என்றாள் காந்திமதி. "இருக்கீயளா? ஜன்னல் இருட்டா இருக்கு."

ஆவுடையப்பன் தூக்குச்சட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கேன் தாயி. கரண்டு போயிட்டு" என்றார். "வந்துரும்."